பெயர்ந்த ஓவியமும் பெயராத ஊரும்: கத்தலோனியாவின் போயிப் பள்ளத்தாக்கு

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், பிரனீஸ் மலைத்தொடருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே அமைந்த கத்தலோனியா 947 ஊராட்சிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பார்சலோனா மாநகரமும் அவற்றுள் ஒன்று, மலையிடுக்கில் சில நூறு பேர் மட்டும் வாழும் சிற்றூரும் அவற்றுள் ஒன்று. இரண்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் தலைவரும் உண்டு, இரண்டையும் குறிக்கும் சட்டச்சொல்லும் ஒன்றே. இந்த ஊராட்சிகளில் ஏறத்தாழப் பாதியின் மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடுவதில்லை. ஆயினும் கத்தலோனியாவின் இடைக்காலக் கலை என்று நூல்கள் போற்றுவனவற்றுள் கணிசமான பகுதி இத்தகைய சிற்றூர்களில்தான் பிறந்தது. அவற்றுள் ஒன்றான 'லா வால் தெ போயி', அதாவது போயிப் பள்ளத்தாக்கு, இவ்வுரையின் பொருள்.

லெய்தா மாகாணத்தின் வடமேற்கில், ஆல்தா ரிபகோர்சா எனப்படும் வட்டத்தில், ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவ்வூராட்சி விரிந்திருக்கிறது. அத்துணை நிலத்தில் வாழ்வோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். 3,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்களிலிருந்து இறங்கும் நொகேரா தெ தோர் என்னும் ஆறு பள்ளத்தாக்கை வடக்கிலிருந்து தெற்காக அறுத்துச் செல்ல, அதன் இரு கரைச் சரிவுகளிலும் பர்ருவேரா, போயி, தாவுல், எரில் லா வால், துர்ரோ, கார்தெத், கோல் ஆகிய ஊர்கள் ஒன்றையொன்று பார்த்தவாறு அமர்ந்துள்ளன. ஊராட்சி மன்றம் இருப்பது பர்ருவேராவில். புகழ் இருப்பது 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள தாவுலில். நெடுங்காலம் தனித்தனி ஊராட்சிகளாக இருந்த பர்ருவேராவும் துர்ரோவும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இணைக்கப்பட்டன. பள்ளத்தாக்கு முழுவதையும் சுட்டும் இப்போதைய பெயர் நிலைபெற்றது அதற்கும் பின்னர்தான். அப்பெயர் மாற்றம் வெறும் ஆவணத் திருத்தம் அன்று. மரபுச்செல்வம் என்பது ஒரு கோயிலில் உள்ளதா, ஓர் ஊரில் உள்ளதா, பள்ளத்தாக்கு முழுவதிலும் பரவியுள்ளதா என்ற கேள்விக்கு அம்மக்கள் கண்ட விடையின் ஒரு கூறாகவே அதைக் கொள்ளவேண்டும்.

அக்கேள்வி இங்கே மற்ற இடங்களைவிடக் கூர்மையாக எழுவதற்குக் காரணம் உண்டு. இப்பள்ளத்தாக்கின் பெயரை உலகறியச் செய்த சுவரோவியங்கள் இப்பள்ளத்தாக்கில் இல்லை. அவை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பார்சலோனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. புகழ்பெற்ற பொருளை ஊர் இழந்தது என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் நிகழ்ந்த வரிசை அதற்கு நேர்மாறானது: ஓவியங்கள் வெளியேறிய பின்னரே அவற்றுக்குப் புகழ் வந்தது, அப்புகழ் பின்னர் வெறுஞ்சுவர்களைத் தேடித் திரும்பி வந்தது. இவ்விரு பயணங்களையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்வூரின் மரபுச்செல்வத்தை மதிப்பிட இயலாது.

முதலில் கட்டடங்கள். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் பரவிய கட்டடக்கலையை 'ரோமனெஸ்க்' என்பர். பண்டைய ரோமானியரின் அரைவட்ட வளைவையும் கனத்த சுவரையும் அது மீட்டெடுத்ததாகக் கருதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் இட்ட பெயர் அது. கட்டியவர்கள் தங்கள் வேலைக்கு அப்படியொரு பெயர் இருப்பதாக அறிந்திருக்க மாட்டார்கள். வட இத்தாலியின் லொம்பார்தி நாட்டிலிருந்து வந்த கல்தச்சர் குழுக்களும் அவர்களிடம் பயின்றோரும் இம்முறையைப் பிரனீஸ் மலைகளுக்குக் கொணர்ந்தனர். சிறு சுத்தியலால் கொத்திச் சமன்படுத்திய சிறிய கற்களைச் சுண்ணச்சாந்தில் வரிசையாக அடுக்குவதும், சுவரின் வெளிப்புறத்தில் தட்டையான செங்குத்துப் பட்டைகளை இழுத்து அவற்றின் உச்சிகளைச் சிறு குருட்டு வளைவுகளால் இணைப்பதும் இவர்கள் கைவரிசை. 'குருட்டு வளைவு' என்பது திறப்பின்றிச் சுவரோடு ஒட்டிநிற்கும் அலங்கார வளைவு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து பளிங்கு வரவழைக்க வழியற்ற மலைநாட்டில், கையெட்டும் தொலைவில் கிடைத்த கல்லைக்கொண்டே வெயிலும் நிழலும் விளையாடும் சுவரை எழுப்ப இம்முறை உதவியது.

இப்பள்ளத்தாக்கில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஒன்பது வழிபாட்டிடங்கள் உள்ளன: தாவுலில் புனித கிளமெந்து கோயிலும் மாதா கோயிலும், போயியில் புனித அருளப்பர் கோயில், எரில் லா வாலில் புனித எவுலாலியா கோயில், பர்ருவேராவில் புனித ஃபெலியூ கோயில், துர்ரோவில் மாதாவின் பிறப்புக் கோயில், அவ்வூருக்கு மேலே மலைச்சரிவில் புனித கிர்க் சிற்றாலயம், கார்தெத்தில் மாதா கோயில், கோலில் மாதாவின் விண்ணேற்புக் கோயில். ஒன்பதையும் ஒரே தரத்தில் வைத்துப் பேசுவது சுற்றுலாத் துண்டறிக்கைக்கு உகந்தது. தாவுலின் கிளமெந்து கோயிலைப் போல் முழுமையான கட்டடம் மற்றவற்றுள் இல்லை என்பதே உண்மை. உருளைத் தூண்களால் பிரிக்கப்பட்ட ஒரு நடுக்கூடம், இரு பக்கக்கூடங்கள், மேலே மரக்கூரை, கிழக்கே மூன்று அரைவட்டப் பீடவளைவுகள் என அது அமைந்துள்ளது. 'பீடவளைவு' என்று இங்குக் குறிப்பது, பலிபீடத்துக்குப் பின்னே சுவர் வெளிப்புறமாக அரைவட்டமாய்த் தள்ளிநிற்க, அதன் தலையைப் பாதிக் குடைபோல் விதானம் மூடும் பகுதியை. தெற்குப் பக்கத்தை ஒட்டி எழும் மணிக்கூண்டு ஆறு அடுக்குகள் கொண்டது. கீழே ஏறக்குறைய மூடிய கற்கட்டாகவும், மேலடுக்குகளில் நடுவே சிறு தூண் தாங்கும் சாளரங்களாகவும் அது மெலிந்து உயர்கிறது. எதிர்ச்சரிவில் எரில் லா வாலின் கூண்டும் பள்ளத்தாக்கின் அடியில் போயியின் கூண்டும் தெரியுமாறு இவை நிற்பதால், மணியோசைக்கு மட்டுமன்றிக் காவலுக்கும் செய்திக்கும் இவை பயன்பட்டன என்று பலரும் எழுதியுள்ளனர்.

தாவுல் போன்ற ஒரு மலையூரில் அடுத்தடுத்த நாள்களில் இரு கோயில்கள் அர்ச்சிக்கப்பட்டன என்பது வியப்புக்குரியது. புனித கிளமெந்து கோயிலின் தூண் ஒன்றில் தீட்டப்பட்ட இலத்தீன் எழுத்துகள் அர்ச்சிப்பு நாளை 1123 டிசம்பர் 10 எனப் பதிவு செய்கின்றன. மாதா கோயில் மறுநாள் அர்ச்சிக்கப்பட்டது. அர்ச்சித்தவர் ஆயர் ராமோன். தூணெழுத்து அவரைப் பர்பாஸ்த்ரோ நகரின் ஆயர் என்று குறிக்கிறது. ஆனால் அந்நகரிலிருந்து அண்டை ஆயர் ஒருவரால் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் வெளியேற்றப்பட்டு, ரோதா என்னும் மலையூரில் தங்கியிருந்தார். மறுபுறம் உர்ஜெல் மறைமாவட்டமும் இப்பள்ளத்தாக்கின்மேல் உரிமை கோரிவந்தது. எனவே அத்தூணெழுத்து பக்திப் பதிவு மட்டும் அன்று. தன் பட்டத்தையும் எல்லையையும் சுண்ணப்பூச்சில் நிலைநாட்டிய ஓர் ஆயரின் உரிமைச் சாசனமும் ஆகும்.

பணம் வந்த வழி வேறு. பள்ளத்தாக்கின் பிரபுக்களான எரில் குடும்பத்தினர், அரகோன் மன்னர் முதலாம் அல்போன்சோ முஸ்லிம் அரசுகளுக்கு எதிராக நடத்திய படையெடுப்புகளில் பங்குகொண்டனர். 1118-இல் சரகோசா நகரம் வீழ்ந்தது; ஐந்தே ஆண்டுகளில் தாவுலில் இரு கோயில்கள் தயாராயின. போரில் கிடைத்த பொருளே கோயில்களாக மாறியது என்னும் கருத்து இவ்வருகாமையிலிருந்துதான் வலுப்பெறுகிறது. மலைமக்களின் எளிய நம்பிக்கையின் வெளிப்பாடாக இக்கோயில்களைப் போற்றும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. நம்பிக்கை எளிதாக இருந்திருக்கலாம். செலவு எளிதானதாக இருந்திருக்காது.

அச்செலவில் சிறந்த பகுதி ஓவியத்துக்குச் சென்றது. கிளமெந்து கோயிலின் பீடவளைவைத் தீட்டியவரின் பெயர் தெரியவில்லை. கலை வரலாறு அவரைத் 'தாவுல் ஓவியர்' என்றே அழைக்கிறது. விதானத்தின் நடுவே, பாதாங்கொட்டை வடிவ ஒளிவட்டத்துக்குள், வானவில்மேல் அமர்ந்த கிறிஸ்து, ஒரு கையை ஆசியாக உயர்த்தி, மறு கையில் 'நானே உலகின் ஒளி' என்று இலத்தீனில் எழுதிய திறந்த நூலைத் தாங்கியிருக்கிறார். ஒளிவட்டத்தைச் சூழ நான்கு நற்செய்தியாளரின் அடையாளங்களும் வானதூதரும், கீழ்வரிசையில் மாதாவும் திருத்தூதர்களும் உள்ளனர். மாதாவின் கையில் உள்ள கிண்ணத்திலிருந்து செந்நிறக் கதிர்கள் எழுகின்றன. மேல்வளைவு ஒன்றில் ஏழு கண்களையுடைய ஆட்டுக்குட்டியும், மற்றோரிடத்தில் செல்வரின் வாயிலில் கிடக்கும் ஏழை லாசரும் அவர் புண்ணை நக்கும் நாயும் தீட்டப்பட்டுள்ளனர். முகங்கள் வடிவக் கணிதத்தின் துல்லியம் கொண்டவை: மூக்கும் புருவமும் ஒரே கோட்டில் ஓட, கன்னத்தில் சிவப்புப் புள்ளியும் தாடியில் ஒழுங்கான சுருளும் இடம்பெற்றிருக்கின்றன. ஆயினும் நேரே நிற்பவரை அப்பார்வை விடுவதில்லை. நீலத்துக்குத் தொலைதூர நாடுகளின் விலையுயர்ந்த கல்லை நாடாமல், பிரனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்னும் கனிமத்தைப் பயன்படுத்தினர். அந்நிறம் சற்றுச் சாம்பல் கலந்த நீலம்; இவ்வட்டார ஓவியங்களை அடையாளம் காட்டும் குறியாகவே அது ஆகிவிட்டது.

மற்ற இரு கோயில்களின் ஓவியங்கள் வேறு கைகளுக்குரியவை. தாவுலின் மாதா கோயிலில் மூவரசர் குழந்தையை வணங்கும் காட்சி பீடவளைவை நிறைத்தது. தாவீது கோலியாத்தின் தலையைக் கொய்யும் காட்சி இன்னொரு சுவரில் இருந்தது. போயியின் அருளப்பர் கோயிலில் புனித முடியப்பர் கல்லெறிபட்டு இறக்கும் காட்சியும், கழைக்கூத்தாடிகளின் ஆட்டமும், ஒட்டகம் முதலிய தொலைநாட்டு விலங்குகளின் வரிசையும் காணப்பட்டன. ஒட்டகத்தைக் கண்டிராத ஓர் ஓவியர் ஒட்டகத்தை எப்படிக் கற்பனை செய்திருப்பார் என்பதற்கு அச்சுவர் நல்ல சான்று. எரில் லா வாலிலோ மரச்சிற்பம் சிறந்தது: கிறிஸ்துவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியைக் காட்டும் ஏழு உருவங்கள் கொண்ட தொகுதி அது.

இவற்றையெல்லாம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாத்தது எவருடைய முன்யோசனையும் அன்று, வறுமைதான். செல்வம் சேர்ந்த ஊர்கள் பழைய கோயிலை இடித்து, காலத்துக்கேற்பக் கோத்திக் பாணியிலோ பரோக் பாணியிலோ புதிதாகக் கட்டின. எரில் குடும்பம் தெற்கு நோக்கி நகர்ந்த பின்னர், மேய்ச்சலையும் சிறு பயிரையும் நம்பிய இவ்வூர்களுக்கு அதற்கான பொருள்வளம் இல்லை. பிரனீஸ் குடும்ப வழக்கப்படி வீடும் நிலமும் மந்தையும் பிரிபடாமல் ஒரே வாரிசுக்குச் செல்லும். அவ்வாரிசைக் கத்தலான் மொழியில் 'எரேவு' என்பர். இளையவர்கள் வெளியூருக்குப் பிழைக்கச் சென்றனர். வீடுகளுக்குப் பெயர் உண்டு, மனிதர்கள் வீட்டின் பெயரால் அறியப்படுவர். இவ்வமைப்பில் ஊர் பெருகவும் இல்லை, எளிதில் சிதையவும் இல்லை. கோயிலுக்குள் செய்த மாற்றமெல்லாம் சுவருக்கு வெள்ளையடிப்பதும் பீடத்துக்குப் பின்னே புதிய மரப்படச்சட்டம் நிறுத்துவதுமே. தாவுலில் பிற்காலத்துப் படச்சட்டம் ஒன்று பீடவளைவின் கீழ்ப்பகுதியை மறைத்து நிற்க, அதன் உச்சிக்கு மேலே கிறிஸ்துவின் முகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்நிலையில்தான் 1907 செப்டம்பரில் பார்சலோனாவிலிருந்து ஓர் ஆய்வுக்குழு கோவேறு கழுதைகளில் ஏறிவந்தது. அவ்வாண்டே தொடங்கப்பெற்ற கத்தலான் ஆய்வு நிறுவனத்தின் முதல் பெரும்பணிகளுள் ஒன்று அப்பயணம். குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜோசெப் புச் இ கடஃபால்க் பார்சலோனாவின் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர், அரசியல்வாதி, வரலாற்றாய்வாளர். கத்தலோனியாவின் ரோமனெஸ்க் கட்டடக்கலையைப் பற்றிய அவரது மூன்று தொகுதிப் பெருநூல் 1909 முதல் 1918 வரை வெளிவந்தது. குழுவில் சட்ட வரலாற்று அறிஞர் ஒருவரும், விக் நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்த குரு ஜோசெப் குதியோலும், ஒளிப்படக்கலைஞர் அதோல்ஃப் மாஸும் இருந்தனர். சட்ட அறிஞருக்கு அக்குழுவில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பழைய கோயிலும் பழைய வழக்கச் சட்டமும் ஒரே தேசத்தின் இரு சான்றுகள் என்பதே அன்றைய கத்தலான் மறுமலர்ச்சியாளரின் பார்வை. கத்தலோனியா தனித்த நாடாக உருப்பெற்ற காலத்தின் கலை ரோமனெஸ்க் என்று அவர்கள் கருதினர். ஆகவே மலைக்கோயில்களைத் தேடிச் சென்றவர்கள் கலைப்பொருளை மட்டும் தேடவில்லை, மூதாதையரின் முகவரியையும் தேடினர். அப்படித் தேடியதாலேயே அவர்கள் கண்ணுக்கு அம்முகங்கள் தெரிந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஊர்க்காரர்களும் பங்குக் குருக்களும் தலைமுறை தலைமுறையாக அன்றாடம் பார்த்துவந்த சுவர், வந்தவர்களின் படப்பெட்டிக்கு முன்னால் 'தேசியக் கலை' ஆயிற்று.

அறிஞர்கள் அச்சிட்ட படங்களை வணிகர்களும் பார்த்தார்கள். ஆய்வு அறிக்கை ஒன்று, அதை எழுதியவர் விரும்பாவிட்டாலும், விலைப்பட்டியலாகவும் வாசிக்கப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. 1919-இல் பள்ளத்தாக்குக்குத் தெற்கே உள்ள மூர் என்னும் இடத்தின் மாதா கோயில் ஓவியங்களை வணிகர்கள் விலைக்கு வாங்கி, இத்தாலியக் கைவினைஞர்களைக் கொண்டு சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தனர். அவை கடல் கடந்து, 1921-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் உடைமையாயின. அவ்விற்பனையில் பங்குகொண்டிருந்த லுயிஸ் பிளந்தியூரா என்னும் சர்க்கரை வணிகர் பெரும் சேகரிப்பாளர். விற்றவர்களைத் தடுக்க அன்றைய சட்டத்தில் பயனுள்ள வழி ஏதும் இருக்கவில்லை. பார்சலோனா அருங்காட்சியக வாரியமும், அதன் சார்பில் செயலாற்றிய ஜோவாகிம் ஃபோல்க் இ தோரெஸும் விரைந்து ஒரு முடிவெடுத்தனர்: எஞ்சியவற்றை வணிகர் பெயர்ப்பதற்குள் வாரியமே விலைகொடுத்துப் பெயர்ப்பது. அவ்வேலைக்கு அவர்கள் அமர்த்தியவர்களும் மூரில் வேலை செய்த அதே ஃபிராங்கோ ஸ்தெஃபனோனியின் குழுவினரே. இருவேறு நோக்கங்களுக்கு ஒரே கைகள் கூலிபெற்ற இந்நிகழ்ச்சியில் ஒரு நகைமுரண் உண்டு; ஆனால் அத்தொழில்நுட்பம் தெரிந்த வேறு எவரும் அன்று அருகில் இல்லை.

'ஸ்திராப்போ' என்பது அத்தொழில்நுட்பத்தின் இத்தாலியப் பெயர். 'பிய்த்தெடுத்தல்' என்று பொருள். ஓவியத்தின்மேல் பருத்தித் துணியை விலங்குப் பசையால் ஒட்டி உலரவிடுவர். உலரும்போது பசை சுருங்கி, சுவரின் மேற்பரப்பில் உள்ள வண்ணப்படலத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். பின்னர் துணியை மெல்ல உரித்தால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிய ஓவியமும் கூடவே உரிந்துவரும். அத்துணிகளைச் சுருட்டிப் பெட்டியிலிட்டு, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, வண்டிப்பாதை வரை இறக்கினர். பார்சலோனாவில் படலத்தின் பின்புறத்தைச் சீர்செய்து, புதிய துணியில் சுண்ணமும் பால்புரதமும் கலந்த பசையால் ஒட்டிய பின், முன்புறத் துணியை வெந்நீரால் கழற்றினர். மூலக் கோயிலின் வளைவை அப்படியே ஒத்த மரச்சட்டத்தின்மேல் ஓவியம் மீண்டும் பொருத்தப்பட்டது. இம்முறையில் வண்ணத்தின் மேற்படலம் மட்டுமே வருகிறது. ஈரச்சுண்ணத்தில் ஆழ ஊறிய நிறமும், முதலில் கீறிய வரைகோடுகளும் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. அந்த எச்சம் பின்னர் இவ்வூரின் கதையில் முக்கியமான இடம் பெறப்போகிறது.

1923-க்குள் தாவுலும் போயியும் வெறுஞ்சுவர்கள் ஆயின. அடுத்த ஆண்டு பார்சலோனாவின் சியுதாதெலா பூங்கா அருங்காட்சியகத்தில் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1934-இல் மோன்ஜுயிக் குன்றின்மேல் உள்ள தேசிய மாளிகைக்கு மாறின. உள்நாட்டுப் போர் மூண்டபோது அவை வடக்கே ஓலோத் நகருக்கு ஒதுக்கப்பட்டு, 1937-இல் பாரீசில் கத்தலோனிய இடைக்காலக் கலைக் கண்காட்சியில் பலவும் இடம்பெற்றன. மலைக்குருவின் பார்வையில் பழைய சுவராக இருந்த ஒன்று, பதினைந்தே ஆண்டுகளில் ஒரு போராடும் நாட்டின் தூதராகிவிட்டது. நவீன ஓவியர்களும் அவ்வுருவங்களின் தட்டையான நிறப்பரப்பிலும் தயக்கமற்ற கோட்டிலும் தங்களுக்கு நெருக்கமான ஒன்றைக் கண்டனர். பிக்காசோ 1934-இல் அத்தொகுதியைப் பார்வையிட்டார், மீரோவோ இளமை முதலே அவற்றைப் பற்றிப் பேசிவந்தார்.

இது மீட்பா, பறிப்பா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. நடுநிலை பேசுவதைவிட ஒரு தீர்ப்பைச் சொல்வது நேர்மை: 1919-இன் நிலையில் பெயர்த்தெடுத்தது சரி, பெயர்த்த பின் நெடுங்காலம் ஊரை மறந்தது சரியன்று. பெயர்க்காதிருந்தால் அவற்றுள் சிலவேனும் பாஸ்டனையோ வேறொரு செல்வரின் மாளிகையையோ சென்றடைந்திருக்கும். போரின்போது பல கோயில்கள் எரியூட்டப்பட்டன என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அரகோனில் உள்ள சிஹேனா மடத்தின் ஓவியங்கள் 1936-இல் தீக்கிரையாகி, எஞ்சியவை பெயர்த்துப் பார்சலோனாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்று 2025-இல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாவுலின் நிலை அதனோடு ஒப்பிடத்தக்கதன்று, ஏனெனில் இங்கே விலைகொடுத்து வாங்கிய ஆவணம் உண்டு. ஆனால் விலை பெற்றவர் யார், அவ்விலையில் ஊருக்குப் பங்கு என்ன என்ற கேள்வியை ஆவணம் தீர்த்துவிடுவதில்லை. எரில் லா வாலின் ஏழு உருவங்களின் நிலை இன்னும் நயமற்றது: ஐந்து உருவங்கள் விக் நகர ஆயர் அருங்காட்சியகத்திலும், மாதாவும் அருளப்பரும் பிளந்தியூராவின் சேகரிப்பு வழியாகப் பார்சலோனாவிலும் உள்ளன. மகனைச் சிலுவையிலிருந்து இறக்கும் ஆள்கள் ஓரூரில், அழும் தாய் வேறூரில். ஏழும் ஒன்றாக நிற்பதைக் காணவேண்டுமானால் எரில் கோயிலில் உள்ள படிகளைத்தான், அதாவது நகல்களைத்தான், காணவேண்டும்.

'படி' என்னும் இச்சொல்லே இவ்வூராட்சியின் அடுத்த நூறாண்டுக் கதை. ஏறத்தாழ 1960-ஐ ஒட்டி, கிளமெந்து கோயிலின் வெறும் பீடவளைவில் புதிய சாந்து பூசி, பார்சலோனா ஓவியத்தைப் பார்த்து வரைந்த படி ஒன்று தீட்டப்பட்டது. அரை நூற்றாண்டு காலம் அங்கு வந்தவர்கள் வணங்கியதும் படமெடுத்ததும் அப்படியைத்தான். சிலர் அதையே மூலம் என்று நம்பிச் சென்றதும் உண்டு. படியைக் குறைத்துப் பேசுவது அறிஞர் வழக்கம். எனினும் சுவரில் ஒரு முகம் இருக்கவேண்டும் என்ற ஊர்க்காரரின் எதிர்பார்ப்பை மதித்தது அந்தப் படி ஒன்றுதான். அதன் குறை வேறொன்று: உரித்தெடுத்தபின் எஞ்சிய பன்னிரண்டாம் நூற்றாண்டு நிறத்தை அது மூடிவிட்டது. 2013-இல் அந்தப் படி அகற்றப்பட்டு, அடியில் இருந்த மூல எச்சங்கள் துப்புரவாக்கப்பட்டன. இப்போது குறித்த நேரங்களில் ஒளிவீழ்த்திகள் இயங்க, கோடு கோடாகவும் நிறம் நிறமாகவும் ஓவியம் சுவரில் எழுந்து, சுமார் பத்து நிமிடங்களில் முழுமை பெற்று, அணைந்துவிடுகிறது. ஓவியம் அணைந்தபின் அதே இடத்தில் மங்கலான செங்காவிக் கறைகள் தெரிகின்றன. அவையே ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளாக இடம் பெயராதவை. வந்தோரில் பலர் ஒளி அணைந்தவுடன் எழுந்துவிடுகின்றனர் என்றாலும், இக்கோயிலில் பார்க்கவேண்டியது அதற்குப் பிந்திய சில நிமிடங்களில்தான் இருக்கிறது.

போயியின் அருளப்பர் கோயிலில் வேறு வழி பின்பற்றப்பட்டது. அங்குச் சுவர்களுக்கு உள்ளே மீண்டும் சுண்ணம் பூசி, ஓவியப் படிகளை மூல இடங்களிலேயே தீட்டியுள்ளனர். மலைக்கோயில் என்றாலே கல் தெரியவேண்டும் என்று எதிர்பார்த்து வருவோருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கல்லை வெறுமையாக விடும் அழகு இருபதாம் நூற்றாண்டினரின் சுவை. கட்டியோர் உள்ளும் புறமும் சுண்ணம் பூசி நிறம் தீட்டவே கருதியிருந்தனர்.

கோயில்களைச் சுற்றியுள்ள வாழ்க்கையைப் பொறுத்தவரை, 1950-களுக்குப் பின் மாற்றம் விரைந்தது. ஆற்றின் தலைப்பகுதியில் கவலேர்ஸ் அணை எழுந்தது. நீர்மின் நிறுவனம் வேலைக்காரர்களையும் சாலையையும் கொண்டுவந்தது. 1955-இல் அமைக்கப்பட்ட ஐகுவெஸ்தோர்த்தெஸ் தேசியப் பூங்கா, இரு நூற்றுக்கும் மேற்பட்ட மலையேரிகளைக் கொண்டது, கத்தலோனியாவின் ஒரே தேசியப் பூங்கா. வடக்கே கல்தெஸ் என்னுமிடத்தில் 37 ஊற்றுகள் வெவ்வேறு வெப்பநிலைகளில் சுரக்க, அங்கே நீராடுவோருக்கான விடுதிகள் நெடுங்காலமாக உள்ளன. தாவுலுக்கு மேலே பனிச்சறுக்குத் தளம் திறக்கப்பட்ட பின், மேய்ச்சலை நம்பியிருந்த குடும்பங்கள் குளிர்கால விருந்தினரை நம்பத் தொடங்கின. கோடையிலும் பனிக்காலத்திலும் மக்கள் நிறைந்து, இடைப்பட்ட மாதங்களில் சாளரங்கள் மூடிக்கிடக்கும் இரட்டை வாழ்க்கை அதன் விளைவு.

2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இக்கோயில்களை உலக மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தபோது எடுத்துக்கொண்ட அளவுகோல் கவனத்துக்குரியது. ஓவியங்கள் பார்சலோனாவில் இருப்பது அதற்குத் தடையாகவில்லை. ஒடுங்கிய பள்ளத்தாக்கு, ஒவ்வோர் ஊரிலும் ஒரு கோயில், ஊரைச் சூழ்ந்த அடைப்பு வயல்கள், அதற்கும் மேலே பருவத்துக்கு மட்டும் பயன்படும் மேய்ச்சல் நிலம் என்னும் முழு அமைப்பும் அங்கே சான்றாக எடுத்துரைக்கப்பட்டது. இத்தகைய மதிப்பீட்டில் ஒரு சிக்கலும் உண்டு. மந்தை குறைந்தால் மேய்ச்சல் நிலத்தில் புதரும் மரமும் ஏறும், புல்வெளி வழியே தெரிந்த கோபுரம் மறையும். கோயிலைப் பழுதுபார்க்கக் கல்தச்சர் போதும். அது நிற்கும் நிலக்காட்சியைக் காக்க மாடும் அதை மேய்ப்பவரும் வேண்டும். ஆயிரம் பேர் கொண்ட ஊராட்சியின் கணக்கில் முதலாவதற்கு மானியம் எளிதில் கிடைக்கிறது, இரண்டாவதற்கு அத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை.

எடுத்துச் செல்ல முடியாத ஒன்றும் இப்பள்ளத்தாக்கில் உண்டு. கத்தலான் மொழியில் 'ஃபாலா' என்பது தீப்பந்தம்; பந்தம் தாங்குவோர் 'ஃபலாயிரெ'. பிசின் மிகுந்த பைன் மரத்துண்டுகளைக் கழியில் இறுக்கிச் செய்த பந்தங்களைக் கோடைத் திருப்பத்தை ஒட்டிய இரவுகளில், ஊருக்கு மேலே மலையில் 'ஃபாரோ' என்னும் இடத்தில் மூட்டிய நெருப்பில் கொளுத்திக்கொண்டு, வளைந்து வளைந்து இறங்கும் வரிசையாக ஊருக்குக் கொணர்வர். துர்ரோ, போயி, தாவுல், எரில், பர்ருவேரா ஆகிய ஊர்கள் வெவ்வேறு நாள்களில் இவ்விழாவை நடத்துகின்றன. வரிசையின் தலையில் மணமாகாத இளைஞருள் மூத்தவர் செல்வது பழைய முறை. முன்பு ஆண்கள் மட்டுமே சுமந்த பந்தத்தை இன்று பெண்களும் சுமக்கின்றனர். அந்தோரா, ஸ்பெயின், பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் பிரனீஸ் ஊர்களுக்கும் பொதுவான இவ்விழா 2015-இல் யுனெஸ்கோவின் கண்புலனாகா மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

பள்ளத்தாக்கில் பந்தம் முதலில் இறங்குவது துர்ரோவில், ஜூன் நடுவில், புனித கிர்க்கின் திருநாளை ஒட்டி. கிர்க்கும் அவர் தாய் ஜூலித்தாவும் வேதசாட்சிகளாக மாண்ட கொடுமைகளை நான்கு கட்டங்களில் காட்டும் வண்ணப் பலகை ஒன்று ஒரு காலத்தில் அச்சிற்றாலயத்தின் பீடத்தை அலங்கரித்தது. அதுவும் இன்று பார்சலோனாவில்தான் இருக்கிறது. பலகை போன சிற்றாலயத்தின் அருகே ஃபாரோ எரிகிறது. அங்கிருந்து கொளுத்திய பந்தங்கள் புல்வெளி வழியே இறங்கி, துர்ரோவின் கல்தெருக்களில் நுழைந்து, சதுக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கப்பட்டு ஒரே நெருப்பாகின்றன. அதைச் சுற்றி ஊர் ஆடுகிறது.